இரண்டு தட்டுத் தக்காளி

"ஒண்ணு அழுகணும், இன்னொண்ணு அழுகக் கூடாது. ரெண்டும் புது மாப்பிள்ளை மாதிரி மினுமினுன்னு உக்காந்திருந்தா நான் என்னன்னு ரிப்போர்ட் எழுதுறது?"

ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து போனில் புலம்பினாள் விஞ்ஞானி.

"தக்காளி அழுகலைன்னு அழற ஒரே பொண்டாட்டி நீதான்" என்றான் கணவன்.

"போனை வைங்க!"

அவனுக்கென்ன, சிரிப்பான். ஐந்து வருட உழைப்பு இவளுடையது. தக்காளியைச் சீக்கிரம் கெட வைக்கும் மரபணுவில் ஒரே ஓர் இடத்தைக் கத்தரித்துத் திருத்தியிருந்தாள். வலது தட்டில் திருத்திய பழங்கள், இடது தட்டில் சாதாரணப் பழங்கள். ஒவ்வொன்றிலும் நம்பர் ஸ்டிக்கர். யாரும் தொடக் கூடாதென்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, இன்றோடு முப்பத்தைந்து நாள்.

நாளை நிபுணர் குழு வருகிறது. வித்தியாசம் காட்டாவிட்டால் ஆராய்ச்சிக்கு மூடுவிழாதான். சாதாரணத் தக்காளி ஏன் அழுகவில்லை? வெப்பமானி சரி, ஈரப்பதம் சரி, விதையும் சரி. ஒன்றுமே புரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவு அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன மேடம், முகமே சரியில்ல?"

"இந்த இடது தட்டு அழுகவே மாட்டேங்குதுக்கா."

"எப்படி அழுகும்? நான்தான் விடுறதில்லையே!"

"என்ன சொல்றீங்க?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே நீங்க சொன்னீங்களே, இந்த ரூம்ல அழுகல்னு ஒண்ணு கண்ணுல படக் கூடாதுன்னு. காலையில நீங்க வர்றதுக்குள்ள பெட்டியைத் திறந்து பார்த்து, கெட்டதை எடுத்துட்டு, கேன்டீன்ல அதே சைஸுல பொறுக்கிட்டு வந்து வெச்சிருவேன். நம்பர் ஸ்டிக்கரைக்கூட மாறாம உரிச்சு ஒட்டிருவேன்."

விஞ்ஞானி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இடது தட்டை எத்தனை தடவை மாத்தினீங்க?"

"வாரத்துக்கு ஒரு தடவை."

அப்படியானால் சாதாரணத் தக்காளி ஒழுங்காகத்தான் அழுகியிருக்கிறது! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. துடைப்பத்தோடு சேர்த்து அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"நான் ஜெயிச்சுட்டேன்க்கா! ரூம்ல மாட்டியிருக்கிற கேமரா பதிவை எடுத்து, நடந்ததை நடந்தபடியே நாளைக்குக் குழுகிட்ட சொல்லிடுறேன். வலது தட்டுப் பக்கம் நீங்க போகவே வேண்டியிருந்திருக்காதே?"

"அதை ஏன் மேடம் கேக்கறீங்க" என்று அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சனியனைத்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்த வேண்டியிருந்துச்சு."