பின்னால் இருபது பேர்

"இந்த மஞ்சச் செவுத்த இத்தோட மூணாவது வாட்டி பாக்கறோங்க, யாரையாவது ஒருத்தர..."

"அது வேற மஞ்சள், இது வேற மஞ்சள்!"

"...வழி கேளுங்கன்றேன்! அதே வாசல்ல அதே நாய் அதே மாதிரி படுத்துகினு இருக்குது!"

"இவ்ளோ பெரிய புதுச்சேரிக்கு ஒரே ஒரு நாய்தான் இருக்குமா?"

கொளஞ்சிநாதன் நடையை நிறுத்தவில்லை. நெய்வேலி சுரங்கத்தில் இரைகிற கன்வேயர் பெல்ட் பக்கத்திலேயே நின்று முப்பது வருஷம் கத்திப் பேசிய தொண்டை அவருக்கு. மனைவியிடம் ரகசியம் சொன்னாலும் தெருக்கோடிக்குக் கேட்கும். ரிட்டயர் ஆனவர்களுக்குத் தருகிற மெடிக்கல் கார்டை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்தார். கையில் மடக்கிய குடை.

மனைவி தமயந்திக்கு இருந்தது ஒரே ஓர் ஆசை. காடாம்புலியூர் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பே டூர் வந்து இந்த ஊர் லைட் ஹவுஸைப் பார்த்தபோது, அவள் மட்டும் அம்மை போட்டுப் பாயில் கிடந்தாள். இன்றைக்காவது பார்த்துவிட வேண்டும். ஐந்து மணிக்கு பஸ்.

"காலைல பத்து மணிக்குப் பூங்கா வாசல்ல ஆரம்பிச்ச நடை. லைட் ஹவுஸக் காணோமே!"

"வரும், வரும். நம்ம நெய்வேலி நகரியம் மாதிரிதான் இந்த ஊரும். நேர் நேர் தெரு. ஒரு பிளாக் தாண்டுனா அடுத்த பிளாக். இதுக்குப் போய் நான் வழி கேக்கறதா?" குடையை உயர்த்தி ஒரு மாடி வீட்டைக் காட்டினார். "இத பாரு, பிரெஞ்சுக்காரன் குவார்ட்டர்ஸ். பெரிய ஜன்னல்னா ஆபீசரு. சின்ன ஜன்னல்னா கான்ட்ராக்ட் லேபரு."

"யாரு சொன்னா?"

"யாராச்சும் சொல்லணுமா? பாத்தாலே தெரியல?"

"அப்ப அந்த மணிக்கூண்டு?"

"ஷிப்ட் மாறத்துக்கு."

தமயந்தி நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "எனக்குக் கால் கடுக்குது. இப்ப வழி கேக்கறீங்களா, இல்லியா?"

"கொஞ்சம் திரும்பிப் பாரு."

பார்த்தாள். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக இருபது பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

"காலைல பூங்கா வாசல்ல நம்ம பக்கத்துலதான் நின்னாங்க. அப்பலேர்ந்து இதே வழியிலதான் வராங்க. அந்தக் கண்ணாடிக்காரரு நோட்டுல எழுதிகினே வராரு, படிச்சவரு. இத்தினி பேருமா வழி தப்பி வருவாங்க?"

தமயந்தி மறுபடி நடந்தாள். நியாயம்தானே. மத்தியானம் இவர் நுழைந்த மெஸ்ஸுக்குத்தான் அத்தனை பேரும் வந்து சாப்பிட்டார்கள். பேர்போன மெஸ்தான் போலிருக்கிறது என்று அப்போதே நினைத்தாள்.

அடுத்த திருப்பத்தோடு தெரு முடிந்துவிட்டது. எதிரே ஒரு பூட்டிய கேட். அதன் மேல் கட்டம் போட்ட லுங்கி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. மணி நாலே கால்.

"இதான் லைட் ஹவுஸா?" என்றாள் தமயந்தி.

அவள் அங்கிருந்த படியிலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையை மட்டும் துடைத்ததாகத் தெரியவில்லை.

"வுடுங்க. அன்னைக்கு அம்மை. இன்னைக்கு நீங்க."

கொளஞ்சிநாதனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வழி கேட்கப் போகிறவர், பின்னால் வந்து நின்ற கண்ணாடிக்காரரிடம் போய்த் தொண்டையைச் செருமினார்.

கண்ணாடிக்காரர் நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு முந்திவிட்டார்.

"கைடு சார், லைட் ஹவுஸ் எப்ப சார் காட்டுவீங்க?"