நாற்பத்தோரு மைல்

"வீடியோவோட சத்தத்தையும் கூட்டி வைங்க, யுவர் ஆனர். ரேடார் எப்போ அடிச்சுதுன்னு காதாலயே கேட்டுடலாம்" என்றான் டெல்மர் பிரிட்சார்ட்.

சொல்லிவிட்டு, எதிரே நின்ற போலீஸ்காரன் கோல்பியை ஏற இறங்கப் பார்த்தான். பெல்ட்டுக்கு மேல் வழியும் தொப்பை. வாயில் சூயிங்கம். கையில் கசங்கிய ஒரே ஒரு தாள். இந்த ஆளை நம்பியா கையில் துப்பாக்கியைக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

டெல்மரிடம் இருந்தது ஒரு தடித்த கோப்பு. போலீஸ் ரேடாரை வருடத்தில் எத்தனை முறை சோதிக்க வேண்டும் என்ற சட்டம் அதில் இருந்தது. தன் காரில் இருக்கும், போலீஸ் ரேடார் பட்டால் கத்தும் டிடெக்டரின் விளக்கப் புத்தகம், அட்டை முதல் அட்டை வரை, நகலாக இருந்தது. காருக்குள்ளிருந்து ரோட்டைப் படமெடுக்கும் டேஷ் கேமராவின் மெமரி கார்டைத் தனியே ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். ஜார்ஜியாவில் வேக டிக்கெட்டுக்குப் போய் வக்கீல் வைக்கிறவன் மடையன் என்பது அவன் கட்சி.

ஐம்பத்தைந்து மைல் வேக வரம்புள்ள சாலையில் எழுபத்து மூன்றில் போனான் என்று கோல்பி டிக்கெட் எழுதியிருந்தான். அபராதத்தை டெல்மர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தங்கை நோரீனுக்காகத்தான் இத்தனை பாடும்.

அன்றைக்கு அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார். நோரீன் கூப்பிட்டதும் டெல்மர் காரை எடுத்தான். போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் முகத்தை மூடியிருந்தார்கள். உயிர் போய்க் கால் மணி நேரந்தான் ஆகிறது என்றாள் நர்ஸ்.

அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், கையில் பன்றி வறுவல் தட்டோடு, அவன் ஒன்றையே சொன்னான். அந்தப் போலீஸ்காரன் கால் மணி நேரம் பிடித்து வைத்துவிட்டான், இல்லாவிட்டால் அப்பாவின் கையைப் பிடித்திருப்பேன். நோரீன் அவன் தோளில் சாய்ந்து அழுதாள். ஆறு வாரமாக அவளும் சேர்ந்து கோல்பியைச் சபித்துக்கொண்டிருந்தாள். இன்று அவன் மூக்கு உடைபடுவதைப் பார்க்க, வேலைக்கு லீவு போட்டுவிட்டு அண்ணன் காரிலேயே வந்திருந்தாள்.

"ரெண்டாவது நிமிஷத்துக்குத் தள்ளிடுங்க. அங்கதான் விஷயமே இருக்கு" என்றான் டெல்மர், குமாஸ்தாவிடம்.

"முதல்லேர்ந்து போடுங்க. நறுக்கின சாட்சியெல்லாம் நான் பாக்கறதில்ல" என்றார் ஜட்ஜ் ஹடில்ஸ்டன் அம்மாள்.

போட்டால் போடட்டும். கேமரா மூன்று மூன்று நிமிடத் துண்டாகப் பதிவு செய்வது. இந்தத் துண்டின் முன்பாதியை அவன் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வெறும் ரோடுதானே.

திரையில் ரோடு ஓடியது. இரண்டு பக்கமும் பைன் மரங்கள். கீழ் மூலையில் காரின் வேகம்: 41.

பிறகு கார் ஸ்பீக்கரில் நோரீனின் குரல் வந்தது.

"எங்க இருக்க, டெல்மர்? அப்பா உன்னையேதான் கேக்கறார். போனை அவர் காதுல வெச்சிருக்கேன், பேசு."

"பறந்து வந்துட்டிருக்கேன்ப்பா. எண்பதுல வர்றேன். இதோ வந்துட்டேன்."

41. 40. 41.

தான் பேசியதையே டெல்மர் மறந்து போயிருந்தான். நோரீன் மறக்கவில்லை.

பின்னாலிருந்து ஒரு சிவப்பு பிக்கப் வண்டி சீறிக்கொண்டு தாண்டிப் போனது. அந்த நொடியில்தான் டிடெக்டர் கீச்சுக் கீச்சென்று கத்தியது. ரேடாரில் சிக்கியது அந்த வண்டிதான், தான் இல்லை என்று இரண்டு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று அவன் பேசிப் பழகியதெல்லாம் இந்த இடத்துக்குத்தான். அவன் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

கோல்பி மெல்வதை நிறுத்தினான்.

"யுவர் ஆனர், அவரே எண்பதுன்னு சொல்றாரே. நான்தான் கொறைச்சு எழுதிட்டேன் போல."

பெஞ்சில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். டெல்மருக்குக் காது சூடேறியது. இந்தத் தொப்பைக்காரனா என்னை மடக்குவது?

"எது நிஜம், மிஸ்டர் பிரிட்சார்ட்? உங்க வாய் சொல்றதா, கேமரா சொல்றதா?" என்று கேட்டார் ஜட்ஜ்.

இங்கே அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அபராதத்தைக் கட்டித் தொலைத்துவிட்டு, அப்பாவுக்காக எண்பதில் பறந்த மகனாகவே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் கோல்பி சிரித்துக்கொண்டிருந்தான்.

"கேமராதான், யுவர் ஆனர்! போன்ல நான் சும்மா சொன்னேன். அன்னிக்கு வழி பூரா நான் நாப்பத்தஞ்சைத் தாண்டவே இல்ல. முந்தின துண்டெல்லாம்கூட இருக்கு, வேணும்னா ஒவ்வொண்ணா போட்டுக் காட்டறேன்."

ஏன் தாண்டவில்லை என்று ஜட்ஜ் கேட்கவில்லை. வழக்குக்கு அது தேவையில்லை. டிக்கெட் தள்ளுபடி என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடச் சொன்னார்.

ஜெயித்துவிட்டான். கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகத் தங்கையிடம் திரும்பினான்.

நோரீன் எழுந்து வந்துகொண்டிருந்தாள். அவனைத் தாண்டி நேரே கோல்பியிடம் போய் நின்றாள்.

"ஆபீசர், நீங்க டவுன் பக்கம்தானே போறீங்க? என்னைக் கொஞ்சம் வீட்டுல இறக்கி விட்டுடறீங்களா?"

கோல்பி ஒன்றும் புரியாமல் டெல்மரைப் பார்த்தான்.

"எங்க அண்ணன் ரொம்ப மெதுவா ஓட்டுவான்" என்றாள் அவள்.