மதிலுக்குள் ஒரு பிற்பகல்

கஸ்பார் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிட்டான். யாரும் கழற்றச் சொல்லவில்லை.

வெளியே சுற்றுலாக் கூட்டத்தின் இரைச்சல். ஹோட்டலின் கனத்த கதவு பின்னால் மூடியதும், யாரோ உள்ளங்கையால் அமுக்கியதுபோல அது அடங்கிப்போனது.

ஒரு காலத்தில் பிஷப்புகளின் மாளிகையாக இருந்த இடம். இதன் கோபுரத்தை அவன் பிறந்ததிலிருந்து, கோட்டை மதிலுக்குக் கீழே, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வீட்டின் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்து வந்திருக்கிறான். உள்ளே வந்ததில்லை.

"வாயை மூடிக்கோ. கீழூர்க்காரன்னு நெத்தியில எழுதியிருக்கு," என்றாள் மகாலி.

அவன் மனைவி மேலூர்க்காரி. மதிலுக்குள் பிறந்தவள். அவள் அம்மா, அம்மாவின் அம்மா எல்லோரும் அங்கே பிறந்தவர்கள்தான். அந்தக் கர்வத்தைக் கேலி செய்தே கஸ்பார் அவளைக் காதலித்தான்.

அவள் பிறந்த வீட்டில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள். மதிலுக்குள் கட்டில்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் வந்து போகிறவர்களுக்கு. அங்கே ஒரு குழந்தை பிறந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

தன் குழந்தை அங்கேதான் பிறக்க வேண்டும் என்று மகாலி மாதக்கணக்கில் வாதாடினாள்.

"யார் வீட்டுல? எந்தக் கட்டில்ல?" என்று கஸ்பார் கேட்டான்.

கீழூர் ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குப் பெயர் பதிவானது. அதன்பின் வீட்டில் ஒரு மௌனம் குடிவந்தது. சாப்பாட்டு மேஜையில் அவர்களுக்கு நடுவே அது ஒரு ஆள்போல உட்கார்ந்திருந்தது.

அதற்கு ஈடாகத்தான் இந்த ஹோட்டலில் ஒரு பிற்பகல் என்று சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்பது அவன் எண்ணம்.

"ஞாயிறு எதுக்கு? இன்னிக்கே போலாம்," என்றாள் இன்று காலையில். நெடுநாளாகக் கேட்காத குரல். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உடனே கிளம்பிவிட்டான்.

காரைக் கோட்டை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, கல் பாவிய சந்தில் ஏறினார்கள். மகாலி அடிக்கடி நின்றாள். சுவரில் உள்ளங்கையைப் பதித்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

பிறந்த ஊர் அல்லவா என்று அவனும் நின்றான்.

இப்போது ஹோட்டலின் நூலகக் கூடத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள். ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கக்கூடிய கணப்படுப்பு. உத்திரம் முழுக்கத் தீட்டிய சிங்கங்களும் லில்லி மலர்களும். வண்ணக் கண்ணாடி வழியே வந்த வெயில் மகாலியின் மடியில் சிவப்பாகவும் நீலமாகவும் கிடந்தது. எத்தனையோ தலைமுறையாக மனிதர்கள் இங்கே தணிந்த குரலில் பேசியிருக்கிறார்கள், அந்தப் பேச்சு இன்னும் சுவர்களுக்குள் இருக்கிறது என்று கஸ்பாருக்குத் தோன்றியது. தன் மூச்சுச் சத்தம்கூட அங்கே அதிகப்படியாகப் பட்டது.

சூடான சாக்லேட் பானம் வந்து ஆறிப்போனது. மகாலி தொடவில்லை.

நாற்காலியின் கைப்பிடிகளைப் பற்றி, தலையைப் பின்னால் சாய்த்து, உத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் லேசாகத் திறந்திருந்தன. அழகின் முன்னால் ஒருவர் இவ்வளவு கரைந்துபோய் அவன் கண்டதில்லை. இதை அவளுக்குக் கொடுத்தது தான்தான் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அங்க என்ன தெரியுது?"

"பேசாதே."

தேவாலயத்தில்கூட இத்தனை நேரம் அவன் சும்மா இருந்ததில்லை.

வெயில் மகாலியின் மடியை விட்டு இறங்கித் தரைக்குப் போனது. கஸ்பார் எழுந்து கையை நீட்டினான்.

"போலாமா? களைச்சுப்போயிட்டே."

"இன்னும் கொஞ்ச நேரம்."

"ஹோட்டல் எங்கேயும் ஓடிப்போகாது, மகாலி."

"ஹோட்டல் ஓடாது. என்னாலதான் எழுந்திருக்க முடியல."

அவள் நெற்றி ஈரமாக இருந்தது. கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"எப்போலேருந்து?"

"காலையிலேருந்து." பிடிபட்ட குழந்தைபோலச் சிரித்தாள். "மருத்துவச்சிக்குச் சொல்லிட்டேன். வண்டியைக் கீழ விட்டுட்டு நடந்து வந்துட்டிருக்கா. கோபமா?"

கோபம் வரத்தான் செய்தது. கார் பக்கத்தில்தான். ஆற்றைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

ஆனால் சந்தில் அவள் நின்ற ஒவ்வொரு தடவையும், கண்ணை மூடிய ஒவ்வொரு கணமும் இப்போது வேறு மாதிரி திரும்பி வந்தன. இத்தனையையும் அவள் ஒரு முனகல்கூட இல்லாமல், அவன் கண்ணெதிரே தாங்கியிருக்கிறாள். அவன் உத்திரத்தைப் பார்த்து வியந்துகொண்டிருந்தான்.

அவள் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு, வரவேற்பு மேஜைக்கு நடந்தான். அறை வேண்டும் என்றான்.

"தோட்டம் தெரியற மாதிரியா, கோபுரம் தெரியற மாதிரியா, ஐயா?" என்று அங்கிருந்த பெண் கேட்டாள்.

"எது தெரிஞ்சாலும் சரிம்மா," என்றான் கஸ்பார். "மதிலுக்கு உள்ள இருந்தா போதும்."