கேட்பதற்கு ஓர் ஆள்

அம்பத்தூர் எஸ்டேட்டின் மதிய வெயில் ஷட்டருக்கு அடியில் நுழைந்து, பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியின்மேல் விழுகிறது. பக்கத்துப் பட்டறையில் லேத் இரைகிறது. பெட்டியைத் தயாரித்த நாகவல்லி உள்ளே கையை வைத்திருக்கிறாள். நிற்க வேண்டிய சூடு நிற்காமல் ஏறுகிறது. போன வாரம் ஓர் ஆஸ்பத்திரியில், அவள் செய்து கொடுத்த பெட்டியிலும் இப்படித்தான் ஏறியது. நர்ஸ் ஓடிவந்து தூக்கியதால் குழந்தை பிழைத்தது. சூட்டைக் கட்டுப்படுத்தும் சாஃப்ட்வேரை விற்ற வெளிநாட்டுக் கம்பெனி அவளுடைய புகாருக்கு இன்னும் பதில் போடவில்லை. உள்ளே எழுதியிருப்பதைப் பிறர் பார்க்க முடியாதபடி பூட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். கூட்டாளி அன்வர் பாஷா ஒரு சீடியை மேஜையில் வைக்கிறார்.

"லினக்ஸ்மா. இதுவும் சாஃப்ட்வேர்தான், ஆனா பூட்டு இல்ல, எல்லாம் தொறந்து கீது. தப்பு எங்கன்னு நாமளே பாத்து சரி பண்ணிக்கலாம்."

"அதுலயும் தப்பாச்சுன்னா யாரைக் கேக்கறது, பாய்?"

"கேக்க கம்பெனின்னு ஒண்ணும் கெடையாது. நம்மளத்தான் கேப்பாங்க."

நாகவல்லி சிவந்துபோன கையை வெளியே எடுத்துப் புடவைத் தலைப்பில் பொத்திக்கொள்கிறாள்.

"அந்தக் கொழந்தயோட அம்மா அன்னிக்கும் என்னத்தான் கேட்டுது, பாய்," என்கிறாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சீடிக்காகக் கையை நீட்டுகிறாள்.