வாசலைப் பார்த்த குதிரைகள்

பூன் கியாட்டுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தது. கதவளவு பெரிய குதிரைப் படத்தை இரண்டாம் தடவையாகச் சுவரிலிருந்து இறக்கினான்.

மாமியார் கேய்க் சூ உட்கார முடியாமல் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். "எதிர்ச் சுவர்ல மாட்டுன்னு எத்தன தடவ சொல்றது?"

"அங்க மாட்டினா குதிரையெல்லாம் வாசலப் பாத்து ஓடும்மா. அதிர்ஷ்டமும் கூடவே போயிடும். பினாங்குல சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

துறைமுகத்தில் மூட்டை தூக்கி அவன் வாங்கிய வீடு. படத்தைத் தரையில் ஊன்றிவிட்டுத் திரும்பினான். "என் வீடு விளங்கக் கூடாதுன்னே வந்தீங்களா?"

"போடா மடையா! உன் அதிர்ஷ்டம் யாருக்கு வேணும்? நான் குதிரை வருஷத்துல பொறந்தவ, குதிரைதான் என் ராசி. அதுங்க என்னைத்தான் வெளிய கூட்டிட்டுப் போகணும். எத்தன நாளைக்கு மருமகன் வீட்டு சோபாவுல கிடப்பேன்?"

கியாட் எதிர்ச் சுவரில் ஆணி அடித்தான்.

வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், ஒரு வாரம் தங்கச்சி வீட்டில் இருங்கள் என்று சொல்லி அவள் மகன், கியாட்டின் மச்சான், அவளை இங்கே கொண்டுவந்து விட்டது சீனப் புத்தாண்டுக்கு முன்பு. மறுநாளே அவள் வீட்டுப் பூட்டை மாற்றிவிட்டான். புதுச் சாவியை இன்னும் அவளுக்குத் தரவில்லை.