பல்லி சொன்னது

டிவி ஸ்டுடியோ சுவரிலேயே பிறந்து வளர்ந்த பல்லிக்கு விவாதம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அன்று பட்டினி வேறு. மேசை ஓரத்தில் வந்து உட்கார்ந்த விட்டிலை நோக்கி மெல்ல நகர்ந்தது.

"ராக்கெட்டெல்லாம் நம்ம முன்னோர் அன்னைக்கே விட்டாச்சு!" என்றார் சாமியார்.

பசி தாங்காமல் பல்லி கத்திவிட்டது.

"பாத்தீங்களா, பல்லியே சொல்லுது!" சாமியார் விரலால் மேசையைத் தட்டினார். விட்டில் எழும்பி மேசைக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது.

"அது பசியில கத்துதுங்க. அதுக்கென்ன தெரியும்?" என்று சிரித்தார் எதிரே இருந்த பேராசிரியர்.

அப்பாடா, ஒரு மனுஷனுக்காவது புரிந்ததே! பல்லி நிம்மதியாக மேசைக்கு அடியில் இறங்கியது. விட்டில் இப்போது வாய்க்கெட்டும் தூரம்.

"இன்னும் பத்தே வருஷம்," பேராசிரியரின் குரல் உயர்ந்தது. "இந்த மூடநம்பிக்கையெல்லாம் ஒழிஞ்சிடும், பாருங்க!"

பாழாய்ப்போன பசி. பல்லி மறுபடியும் கத்திவிட்டது.

உடனே பேராசிரியரின் கை, கேமரா கண்ணில் படாமல் மேசைக்கு அடியில் வந்து, பலகையை லேசாகத் தட்டிவிட்டுப் போனது.

விட்டில் பறந்து விளக்கருகே போய் நின்றது. "ரெண்டு பேரும் தட்டுறாங்களே, அப்படி என்னதான் சொன்னே?"

"பசிக்குதுன்னேன்," என்றது பல்லி. "ரெண்டு தடவையும் அதையேதான் சொன்னேன்."