வளையத்துக்கு வளையம்

பூம்பாறைச் சரிவில் மூடுபனி இன்னும் கலையவில்லை. சற்றுமுன் பூச்சிமருந்து ஊற்றிய பூண்டுப் பாத்தியிலிருந்து மண்புழுக்கள் கூட்டமாக மேலே வருகின்றன. நெளிந்து, முறுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக அடங்குகின்றன. மகாதேவி வாளியை வைத்துவிட்டுப் பார்க்கிறாள். மருந்துக் கட்டி கரைந்ததைக் கை சொன்னால்தான் அவள் நம்புவாள். இன்றும் முழங்கை வரை கையை விட்டுத்தான் மருந்தைக் கலக்கினாள். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் சுகன்யா குனிந்து ஒரு புழுவை இலையில் ஏந்துகிறாள். “இதுக்கு ஒடம்பு முழுக்கக் கிட்னிம்மா. வளையத்துக்கு வளையம் இருக்கும். கழிவையெல்லாம் அதுதான் வெளிய தள்ளும்.” “அம்புட்டு இருந்துமா சாகுது?” இலையில் புழு அசைவதை நிறுத்துகிறது. மகாதேவி ஈரக் கையை முந்தானையில் துடைக்கிறாள். முகர்ந்துவிட்டு மறுபடியும் அழுத்தித் துடைக்கிறாள். மருந்து வாடை போகவில்லை. “தாயி, நமக்கு எத்தன இருக்கு?” மகள் இரண்டு விரல்களை நீட்டுகிறாள்.